வெட்டிய வால் வெள்ளித்திரையில் முளைப்பதா?

சங்கரன்கோயில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. பொழுது புலரும் வேளை. இரவெல்லாம் விசைத்தறி முன் நின்று, காதிலே தறியோசை இன்னும் இரைய, கண்ணிலே தூக்கம் சொக்க, தொழிலாளத் தோழர்கள் நால்வர் கண்ணாடிக் குவளையைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். எதிரே ஒரு காதணி விழாப் பதாகை. விழாவுக்கு நாயகன் குழந்தைதான். ஆனால் குழந்தையின் படம் மூலையிலே, உள்ளங்கை அளவு! நடுவிலே நிற்பவர் திரைப்பட நடிகர். முறுக்கிய மீசை, முறைத்த பார்வை. அவர் தலைக்கு மேலே பழைய படமொன்றின் பெயர். அந்தப் பெயரிலும், சாதிப் பட்டம் மட்டும் முழ உயரத்தில்!

"ஏலே, பாத்தியா? பேரைச் சின்னதாப் போட்டு வாலைப் பெருசாப் போட்டிருக்கானுவ" என்றார் நால்வரில் மூத்தவர்.

"படந்தான அண்ணாச்சி! அதுல போயி என்ன இருக்கு?" என்றான் நால்வரில் இளையவன்.

படந்தானே! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான் தம்பி! அந்த ஒரு சொல்லுக்கு விடை கூறத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

வால் அறுந்த வரலாறு

பெயரைக் கேட்டவுடனே, இவன் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் இறைக்கலாம், யார் எதிரே துண்டு போடலாம் என்று தீர்ப்பெழுதிய காலம் ஒன்று இந்த நாட்டிலே இருந்தது. பெயருக்குப் பின்னே தொங்கிய பட்டந்தான் அந்தத் தீர்ப்பின் முத்திரை. பட்டம் உடையவன் பத்து வயதுச் சிறுவனாயினும் 'ஐயா'. பட்டம் இல்லாதவன் பல் போன கிழவனாயினும் 'ஏலே'!

அந்த முத்திரையை உடைக்கக் கிளம்பினர் சிலர். 1927-ஆம் ஆண்டின் இறுதியில், தம் 'குடிஅரசு' ஏட்டில் ஆசிரியர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த 'நாயக்கர்' பட்டத்தை எடுத்தெறிந்தார் ஈ.வெ.ராமசாமி. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் கூடியது முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. தலைமை ஏற்றவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டத்தை விடுவோம் என்று அங்கே தீர்மானம் போட்டனர். போட்டதோடு நில்லாமல், மேடையிலேயே தத்தம் பட்டத்தைத் துறந்தனர். எள்ளி நகையாடினர் ஏகடியக்காரர்கள். பட்டம் போனால் பரம்பரையே போச்சு என்று பதறினர் பழைமைவாதிகள். போயிற்றா பரம்பரை? இல்லை. போனது வால்!

இன்று விளைவு என்ன? நம் ஊர்த் தறித் தொழிலாளியின் மகன் வளைகுடா நாட்டுக்குப் போகிறான். கடவுச்சீட்டு விண்ணப்பத்திலே 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். விழிக்கிறான் பையன். வடநாட்டான் அங்கே சர்மா என்றோ சிங் என்றோ எழுதுகிறான். நம் பையனுக்கு எழுத ஒன்றுமில்லை. கடைசியில் அப்பன் பெயரை எழுதிக் கொடுக்கிறான். அந்த வெற்றுக் கட்டம் குறையல்ல, தோழர்களே! அது நம் பாட்டன்மார் சம்பாதித்துக் கொடுத்த சொத்து.

அன்றைய திரை

திரையுலகம் மட்டும் வானத்திலிருந்தா குதித்தது? தென்னாட்டின் முதல் ஊமைப்படமான 'கீசகவத'த்தை எடுத்தவர் நடராஜ முதலியார். பிறகு வந்தனர் ஸ்ரீராமுலு நாயுடு, மெய்யப்பச் செட்டியார், நாகி ரெட்டி, சின்னப்பா தேவர். முதலாளிகள் பெயரிலே வால் இருந்தது, மறைப்பானேன்? 'தேவர் பிலிம்ஸ்' என்று நிறுவனத்துக்கே பெயர் வைத்தார் சின்னப்பா தேவர். ஆனால் அவர் எடுத்த படங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: 1956-இல் 'தாய்க்குப் பின் தாரம்', 1962-இல் 'தாயைக் காத்த தனயன்', 1964-இல் 'வேட்டைக்காரன்'. தாயும் தனயனும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆகவே எல்லாரும் கொட்டகைக்குப் போயினர். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்தனர். பக்கத்து மணலில் இருப்பவன் யாரென்று பாராமல் கை தட்டினர்.

இன்னும் கேளுங்கள். 1959-இல் பி.ஆர். பந்துலு ஒரு படம் எடுத்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரன் கதை. வரலாற்று ஏடுகளிலே அவன் 'கட்டபொம்ம நாயக்கன்'. படத்தின் பெயரோ 'வீரபாண்டிய கட்டபொம்மன்'! 1961-இல் அதே பந்துலு மற்றொரு படம் எடுத்தார். ஒட்டப்பிடாரத்து வக்கீல், தூத்துக்குடியில் கப்பல் விட்டவர், கோவைச் சிறையிலே செக்கிழுத்தவர், வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கதை. 'பிள்ளை' என்று முடியும் பெயர் வைக்க வழியில்லாமலா போயிற்று? 'கப்பலோட்டிய தமிழன்' என்று வைத்தார்! கட்டபொம்மன் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியவனாகவில்லை. கப்பலோட்டியவர் ஒரு வகுப்பாரின் உடைமையாகவில்லை. இருவரும் தமிழர் எல்லார்க்கும் தலைவராயினர். பெயரில் இருந்தது அந்தப் பெருந்தன்மை.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். வெள்ளையனை 1846, 47-ஆம் ஆண்டுகளில் எதிர்த்த உய்யாலவாடா பாளையக்காரரின் கதையை 2019-இல் படமாக்கினர். கதை கட்டபொம்மன் கதையைப் போன்றதுதான். பெயரோ 'சை ரா நரசிம்ம ரெட்டி'. அதற்கு முன்னே, 1999-இல் 'சமரசிம்ஹா ரெட்டி', 2001-இல் 'நரசிம்ம நாயுடு', 2002-இல் 'சென்னகேசவ ரெட்டி'. பின்னே, 2023-இல் 'வீர சிம்ஹா ரெட்டி'. ஊர் வேறு, கதை வேறு, ஆண்டு வேறு. ஒரே சங்கிலியாகக் கோத்து நிற்பது பட்டம் ஒன்றுதான்! 2017-இல் வந்த 'அர்ஜுன் ரெட்டி'யின் கதை கேட்டால் சிரிப்பு வரும். அதை இந்திக்குக் கொண்டுபோனவர்கள் ரெட்டியைச் சிங் ஆக்கி, 'கபீர் சிங்' என்றனர். தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுக்கோ சங்கடம். தமிழ் இளைஞன் பெயருக்குப் பின்னே ஒட்ட என்ன இருக்கிறது? தேடித் தேடி ஒரு 'வர்மா'வைப் பிடித்துவந்து 'ஆதித்ய வர்மா' என்றனர்! இல்லாத வாலைக் கடன் வாங்கி ஒட்டியது போலாயிற்று.

1992

ஆனால் நாமும் சிரிக்க முடியாத ஆண்டு ஒன்று உண்டு. அது 1992. அந்த ஆண்டுப் பொங்கலுக்கு வந்தது 'சின்ன கவுண்டர்'. தீபாவளிக்கு வந்தது 'தேவர் மகன்'. ஓராண்டின் இரு பெருநாட்களுக்கு இரு பட்டங்கள்! கட்டபொம்மனாகவும் கப்பலோட்டிய தமிழனாகவும் வால் இல்லாமல் நின்ற அதே சிவாஜி கணேசன், 33 ஆண்டுகள் கழித்துப் 'பெரிய தேவ'ராக வந்து நின்றார். சிவாஜி என்ற பெயரே பெரியார் வாயால் வந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நியாயமாகப் பேசுவோம். 'தேவர் மகன்' நல்ல படம். தேசிய விருதுகள் பெற்ற படம். அரிவாள் வேண்டாம், படிப்பு வேண்டும் என்பதே அதன் முடிவு. வெட்டுப்பழியின் வேதனையை உணர்ந்து கதாநாயகன் சிறைக்குப் போகிறான். மறுக்கவில்லை நாம். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்தவன் கையோடு எடுத்துவந்தது எதை? முடிவையா, முகப்பையா? படம் சொன்ன சேதி ஒன்று. பதாகை எடுத்துக்கொண்ட சேதி வேறு. கதாநாயகனின் கண்ணீரைக் காதணி விழாவில் ஒருவரும் அச்சடிப்பதில்லை, மீசையைத்தான் அச்சடிக்கின்றனர்.

அந்தக் கதைக்கு அந்தப் பெயர் இன்றியமையாததா? இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 1997-இல் அதே கதையை இந்தியில் எடுத்தபோது 'விராசத்' என்று பெயர் வைத்தனர். மரபுரிமை என்று பொருள். 'சின்ன கவுண்டர்' கன்னடம் போனபோது 'சிக்கெஜமானரு' ஆயிற்று. சின்ன எசமான் என்று பொருள். எசமான் என்ற சொல்லும் நமக்கு உவப்பல்லதான். ஆனால் பட்டம் கழன்றுபோயிற்று, கதை கழலவில்லை!

அதே 1992-இல் கடலுக்கு அப்பால், அமெரிக்காவிலே, ஒரு படம் வந்தது. ஸ்பைக் லீ இயக்கினார். டென்சல் வாஷிங்டன் நடித்தார். பெயர் 'மால்கம் எக்ஸ்'. கருப்பின மக்களின் தலைவர் ஒருவரின் வரலாறு. அவர் பிறந்தபோது பெயர் மால்கம் லிட்டில். என் பாட்டனை அடிமையாக வைத்திருந்த வெள்ளை முதலாளி சூட்டிய பெயரல்லவா இந்த 'லிட்டில்' என்று சினந்து, அதைச் சீவி எறிந்து, அந்த இடத்திலே ஒரு பெருக்கல் குறியைப் போல 'எக்ஸ்' என்ற எழுத்தை வைத்துக்கொண்டார். என்னே வேறுபாடு! உலகின் ஒரு மூலையில், குடும்பப் பெயரை வெட்டியவன் கதைக்கு வெட்டின தழும்பையே தலைப்பாக வைக்கின்றனர். இங்கே, வெட்டி 60 ஆண்டுகள் ஆன பட்டத்தைத் தேடியெடுத்துத் தலைப்பாக ஒட்டுகின்றனர்!

"மேல்நாட்டான் குடும்பப் பெயரிலே படம் எடுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். எடுக்கிறான். 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்' என்று 2005-இல் ஒரு படம். அதே பெயரில் 2024-இல் ஒரு தொடர். ஸ்மித் என்றால் கொல்லன். ஆனால் இன்று அந்தப் பெயர் உடையவன் நீதிபதியாகவும் இருப்பான், லாரியும் ஓட்டுவான். படத்தில் ஸ்மித்தாக வந்தவர்கள் வெள்ளையர். தொடரில் வந்தவர்களுள் ஒருவர் கருப்பினத்தவர், மற்றவர் சப்பானியத் தாய்க்குப் பிறந்தவர். பெயர் கைமாறியது, எவனும் அரிவாள் தூக்கவில்லை. நம் ஊர்ப் பட்டம் அப்படிக் கைமாறுமா? உலைக்களத்துத் தொழிலாளி மகன் விரும்பிய பட்டத்தைப் போட்டுக்கொண்டு தேரோடும் வீதியில் நடக்க முடியுமா? முடியாதல்லவா? அப்படியானால் அது குடும்பப் பெயரன்று, வேலி!

நம் வீட்டுத் தொலைக்காட்சியே அந்த வேலி இல்லாமல் வாழ்ந்து காட்டியிருக்கிறது. 1999-இல் தொடங்கிய 'சித்தி', 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2003-இல் தொடங்கிய 'கோலங்கள்'. அந்தத் தொடர்களிலே குறை ஆயிரம் இருக்கலாம். ஆயினும் மாலையானால் தமிழகத்துத் தாய்மார் எல்லாத் தெருக்களிலும் ஒரே நேரத்தில் அமர்ந்து பார்த்தனர். உறவும் மெட்டியும் கோலமும் போதுமாயிருந்தன தலைப்புக்கு. பட்டம் தேவைப்படவில்லை.

படந்தானா?

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு 1997-ஐ நினைவூட்டுகிறேன். தென்மாவட்டத்திலே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது அரசு. அந்தப் பெயரிலே வால் இல்லை. ஆனாலும் அவன் எந்த வகுப்பில் பிறந்தவன் என்று மோப்பம் பிடித்து, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் அரசு அழிக்க நேர்ந்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மீண்டும் திருநெல்வேலியாயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடியாயிற்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரி. பள்ளியிலே உடன் படிக்கும் மாணவர்களே, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனின் வீடு புகுந்து அவனை வெட்டினர். தடுத்த தங்கையையும் வெட்டினர். அரிவாள் பிடித்த கைகளுக்கு வயது என்ன? எழுதுகோல் பிடிக்கும் வயது! மாணவரிடையே சாதி எப்படிப் புகுந்தது என்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை அமர்த்தியது அரசு. 2024 சூனில் அறிக்கை தந்தார். மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுக்கச் சொன்னார். பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்கச் சொன்னார்.

அதே சந்துரு வழக்கறிஞராயிருந்து நடத்திய வழக்குத்தான் 2021-இல் 'ஜெய் பீம்' என்ற படமாயிற்று. அப்போது நடந்ததையும் மறக்க வேண்டாம். அந்தப் படத்திலே கொடிய காவல் அதிகாரி வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி. அதிலே ஒரு சமூகத்தின் சின்னம். எங்கள் சின்னத்தைக் கொடியவன் வீட்டில் மாட்டலாமா என்று எழுந்தது எதிர்ப்பு. படக்குழுவினர் மாற்றிவிட்டனர். சரி, மனம் புண்பட்டதாகச் சொல்கிறீர்கள், ஒப்புக்கொள்வோம். ஒரு கேள்வி மட்டும் கேட்போம். வில்லன் வீட்டு நாட்காட்டியிலே சாதி தெரிந்தால் புண்படும் நெஞ்சம், கதாநாயகன் பெயரிலே சாதி முழங்கினால் புண்படும் மற்றவர் நெஞ்சத்தை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? 2023-இல் 'மாமன்னன்' பட விழாவிலே, 'தேவர் மகன்' தம்மை எவ்வளவு அலைக்கழித்தது என்று கமல்ஹாசன் முன்னிலையிலேயே சொன்னார் இயக்குநர் மாரி செல்வராஜ். புளியங்குளத்துச் சிறுவனாக அவர் பட்ட புண் ஆற முப்பது ஆண்டுகள் போதவில்லை. அவர் தம் படங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்', 'மாமன்னன்'. வாலுக்கு வால் என்று பழி தீர்க்கவில்லை, பெயர் வைத்தார்!

நம் பக்கமும் பார்ப்போம்

பிறரைக் கேட்கும்போது நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபரில், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. வரவேற்றோம். அதே திங்களில் கோவையில் திறந்த மேம்பாலத்துக்கு 'ஜி.டி.நாயுடு' என்று பெயர். அந்த அறிஞரை ஊர் அறிந்ததே அந்தப் பெயரால்தான் என்கின்றனர். உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையைப் படமாக்குவோர் அறிவித்த தலைப்போ 'ஜி.டி.என்.'! மூன்றெழுத்து போதுமென்று திரைக்குத் தோன்றியது, பாலத்துக்குத் தோன்றவில்லை. தவறு எப்பக்கம் இருந்தாலும் தவறென்று சொல்வதுதான் தன்மானம்.

இன்னொன்றும் சொல்வேன். வாலை வெட்டினால் மட்டும் சாதி செத்துவிடாது. பட்டம் போடாமலே சாதி பார்ப்பவன் உண்டு. தலைப்பில் ஒன்றுமிராது; ஆனால் மீசையும் அரிவாளும் ஊர்ப் பஞ்சாயத்து நாற்காலியும் சேர்ந்து அதே பட்டத்தை ஊமைச் சாடையாகச் சொல்லும். ஆகவே பெயரை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று உறங்கிவிடக் கூடாது. ஆனால் பெயரையே மாற்ற மனமில்லாதவன் நெஞ்சை மாற்றுவான் என்று நம்பவும் முடியாது.

சங்கரன்கோயிலுக்கு அருகிலே நெற்கட்டும்செவல். பூலித்தேவன் ஆண்ட மண். அவன் படைத்தளபதி ஒண்டிவீரன், அருந்ததியர் குலத்தில் பிறந்தவன். இருவரும் ஒரே களத்தில், ஒரே பகைவனை எதிர்த்து நின்றனர். இன்று? ஆகஸ்டு 20-இல் ஒருவனுக்கு விழா. செப்டம்பர் 1-இல் மற்றவனுக்கு விழா. இரண்டுக்கும் தடை உத்தரவும் காவலர் கூட்டமும் காவல்! தோளோடு தோள் நின்றவர்களைப் பிரித்து வைத்தது வெள்ளையன் பீரங்கியா? இல்லை, தோழர்களே. நம் பதாகைகள்!

கோயிலைக் கும்பிடுவோரையும் கேட்கிறேன். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கனும் பதுமனும் சண்டையிட்டனர். பாதி அவர், பாதி இவராக ஓருருவம் காட்டி அந்தச் சண்டையைத் தீர்த்தது இந்த ஊர் என்கிறது தலபுராணம். ஆடித்தபசுக்கு அதைக் காணத்தான் கூடுகிறீர்கள். இரு கடவுளரையே ஒன்றாக்கிய ஊரிலே இரு தெருக்கள் ஒன்றாக முடியாதா?

எல்லாவற்றுக்கும் மேலாக, தறிக்கூடத்தை எண்ணுங்கள். பாவும் ஊடையும் கலந்தால்தான் துணி. நூலுக்குச் சாதி இல்லை. கூலி உயர்வு கேட்டு வாயிலில் நிற்கும்போது, பத்துத் தெருக்காரர் ஒரே வரிசையில் நின்றால்தான் முதலாளி பேச்சுக்கு வருவார். அந்த வரிசையில் ஒரு பையன், படம் பார்த்த வேகத்தில், கையில் ஒரு வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறான். மற்றொருவன் வேறு வண்ணம் கட்டிக்கொண்டு வருகிறான். வரிசை இரண்டாகிறது. இரண்டான வரிசைக்குக் கூலி உயராது. தம்பி, 'படந்தானே' என்றாயே, அந்தப் படத்துக்கான கட்டணத்தைக் கொட்டகையில் மட்டும் நீ கட்டவில்லை. கூலி நாளிலும் கட்டுகிறாய்!

படம் பாருங்கள். வேண்டாமென்று சொல்ல நாம் யார்? உழைத்துக் களைத்தவனுக்குத் திரை ஓர் ஆறுதல். கதைக்குக் கை தட்டுங்கள். நடிப்புக்குக் கை தட்டுங்கள். பட்டத்துக்குத் தட்டும் கையை மட்டும் மடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விழாப் பதாகையிலே குழந்தையின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். அதன் பெயரை வால் இல்லாமல் போடுங்கள். சங்கப் பதிவேட்டிலே அப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமாகக் கையெழுத்திடுங்கள். செங்கற்பட்டு மேடையிலே பெரியவர்கள் செய்ததை நம் தேரடியிலே நாம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

தேநீர்க் கடையிலே அந்த மூத்தவர் கடைசியில் சொன்னதைக் கேளுங்கள்: "ஏலே, அந்தப் புள்ளைக்குக் காது குத்துதாங்க. அது அழுவுத சத்தம் எல்லாப் புள்ளையும் அழுவுத மாதிரிதாம்ல இருக்கும்."

இளையவன் குவளையை வைத்துவிட்டுப் பதாகையை மீண்டும் ஒருமுறை பார்த்தான். இம்முறை அவன் பார்த்தது மூலையிலிருந்த குழந்தையை!